பன்றிக்கும் சேர்த்துப் பூச்சி மருந்து கொடுங்கள்: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை, கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தனித்தனியாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டிவிடுவார் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக, ஊரறிய எழுதுகிறேன். நான் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு லேப் நடத்துகிறவன். ரத்தம், சிறுநீர், சர்க்கரை, அப்புறம் வாய்விட்டுச் சொல்ல எல்லாரும் கூச்சப்படும் மோஷன் டெஸ்ட். இந்த மடல் அந்தக் கடைசி ஐட்டத்தைப் பற்றியது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறீர்கள். அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் 1 வயதிலிருந்து 19 வயது வரை. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நீங்கலாக 20 முதல் 30 வயதுவரை உள்ள பெண்களுக்கும். 2015-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து, பிறகு நாடு முழுக்கப் பரவிய திட்டம், நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் புழங்கும் அதே மண்ணில், கிட்டத்தட்ட அதே புழுவை வயிற்றில் வைத்துக்கொண்டு பன்றிகள் திரிகின்றன. அவற்றுக்கு மருந்து கொடுக்க ஆள் இல்லை. மாத்திரை போட்டால் வயிற்றில் இருக்கும் புழு வெளியேறும், அவ்வளவுதான். மறுபடி வராமல் தடுக்க அந்த மாத்திரையால் ஆகாது. மண்ணில் முட்டை இருக்கும்வரை, மாத்திரை கொடுத்த ஒரு வருஷத்துக்குள் எண்ணிக்கை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே ஏறிவிடுவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நான் கேட்பது: பன்றியையும் இந்தத் திட்டத்துக்குள் கொண்டு வாருங்கள், மழைக்கு முன்னும் நடுவிலும், பிப்ரவரியில் பிள்ளைகளோடு சேர்த்தும் பன்றிக்கும் கொடுங்கள், இரண்டு துறையும் ஒரு மேசையில் உட்காருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு என் மைக்ராஸ்கோப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கடுகளவு மலத்தைக் கரைத்து, கவர் ஸ்லிப் போட்டு, சின்ன லென்ஸில் வைத்து ஓரத்திலிருந்து ஓரம் நகர்த்திக்கொண்டே போனால் உருண்டைப் புழுவின் முட்டை, அதாவது எங்கள் பக்கம் நாக்குப்பூச்சி என்று சொல்லும் அந்த நீள வெள்ளைப் புழுவின் முட்டை, கண்ணில் படாமல் போகாது. பித்தநீர் ஏறிய பழுப்பு மஞ்சள், சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் தடித்த ஓடு, உள்ளே பொடிப்பொடியாக ஒரு கரு. ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை போடும். அதனால்தான் கடுகளவு மாதிரியே போதுமாக இருக்கிறது. அந்தப் புழு ஒரு முழ நீளம்கூட இருக்காது, வாழ்வது ஒன்று இரண்டு வருஷம், ஆனால் அதற்குள் அது போட்டுத் தள்ளும் முட்டைக்குக் கணக்கு வைத்தால் தலை சுற்றும்.

லேபுக்குப் பின்னால் கருவக்காடு. அங்கே கிடந்த பன்றி விட்டையையும் ஒருநாள் அதே மாதிரி கரைத்து வைத்துப் பார்த்தேன். அதே பழுப்பு, அதே மேடு பள்ளம், அதே தடித்த ஓடு. இரண்டு ஸ்லைடையும் பெயர் எழுதாமல் இடம் மாற்றி வைத்துவிட்டால் எது பிள்ளையுடையது, எது பன்றியுடையது என்று நான் என்ன, எந்தப் பேராசிரியராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மரபணு பார்த்தால்தான் தெரியும், அதுவும் சில சமயம் பாதி அது, பாதி இது என்று வந்து நிற்கும். மனிதனிடம் இருப்பதற்கு 1758-ல் லின்னேயஸ் பெயர் வைத்தார், அஸ்காரிஸ் லும்பிரிகாய்டிஸ். பன்றியிடம் இருப்பதற்கு 1782-ல் அஸ்காரிஸ் சூம் என்று தனிப் பெயர் வந்தது. இரண்டும் இரண்டு இனமா, ஒரே இனமா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சண்டை அவர்களுக்கு இருக்கட்டும். ஊருக்குள் கிடக்கும் முட்டைக்கு இது தெரியாது.

கால்நடை மருத்துவர்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை, ஆனால் மடலைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். மலத்தோடு அப்போதுதான் வெளியே வந்த முட்டையால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஈரமும் நிழலும் கதகதப்பும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரமோ அதற்கு மேலோ கிடந்து, ஓட்டுக்குள்ளேயே குஞ்சு உருவான பிறகுதான் அது தொற்றும். அதனால் ஈ மொய்க்கும் புது மலத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறோமே, அதைவிட, போன மாதம் போனது மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகி, ஒன்றுமே இல்லாத சுத்தமான இடமாகத் தெரிகிறதே, அங்கே பிள்ளை உட்கார்ந்து மண் அளைவதில்தான் ஆபத்து. நல்ல இடம் கிடைத்தால் முட்டை வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளோரின் போட்டால் சாகாது. சோப்பும் அதைக் கொல்லாது; தேய்த்துக் கழுவும்போது ஒட்டிக்கொண்டிருப்பது உதிர்ந்து போகும், கை கழுவச் சொல்வது அதற்காகத்தான். 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் சாகும், சுள்ளென்ற வெயிலில் காய்ந்து போனாலும் சாகும்.

முட்டை வயிற்றுக்குள் போனதும் நேராகக் குடலில் தங்கிவிடுவதில்லை. குஞ்சு பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, பிள்ளை சளியோடு விழுங்கியபின் மறுபடி குடலுக்கு வந்துதான் வளரும். முட்டை போட ஆரம்பிக்க மொத்தத்தில் இரண்டு மூன்று மாதம். நடுவில் நுரையீரலில் இருக்கும் நாட்களில் வறட்டு இருமல், இழுப்பு, ரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு ஏறி நிற்கும். 1932-ல் லோஃப்லர் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்த நோய் இது, அவர் பெயரிலேயே இருக்கிறது. அந்த நாட்களில் மோஷன் டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் இருக்காது, புழு இன்னும் குடலுக்கே வந்து சேரவில்லையே. பன்றிப் புழுவாக இருந்தால் இன்னும் மோசம்: மனித உடம்பில் அது சில சமயம் முழுசாக வளரும், சில சமயம் வளராமல் ஈரலிலும் நுரையீரலிலும் சுற்றிவிட்டு அங்கேயே செத்துப்போகும். முட்டையே வராது. ரிப்போர்ட்டில் 'புழு முட்டை காணப்படவில்லை' என்று நானும் எழுதிக் கொடுப்பேன், அம்மாவும் நிம்மதியாக வாங்கிக்கொண்டு போவார். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இழுப்போடு வந்து ஈசினோபில் எகிறி நிற்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் காரணம் புழுதான் என்று நான் சொல்லவில்லை. தூசி இருக்கிறது, ஒவ்வாமை இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் பன்றி வருமா என்று அந்த அம்மாவிடம் கேட்க ஒரு நிமிஷம் போதும். டாக்டர்களை அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

'பன்றியிடமிருந்து மனிதனுக்கு உண்மையிலேயே வருமா, சும்மா பயமுறுத்துகிறாயா?' என்று ஓர் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார், அதனால் பதிலையும் மரியாதையாகச் சொல்கிறேன். 1922-ல் ஜப்பானில் கோய்னோ என்ற மருத்துவர் 2,000 மனிதப் புழு முட்டைகளைத் தானே விழுங்கிவிட்டு, தன் தம்பிக்கு 500 பன்றிப் புழு முட்டைகளைக் கொடுத்துச் சோதித்தார் (அந்தத் தம்பியின் பாசத்தை என்னவென்று சொல்வது). கோய்னோ நிமோனியா மாதிரி வந்து படுத்துவிட்டார், சளியிலேயே புழுக்குஞ்சுகள் வந்தன. புழு நுரையீரல் வழியாகப் போகிறது என்பது மனிதனிடம் நிரூபணமானது அப்படித்தான். 1970-ல் கனடாவின் மாண்ட்ரியல் பக்கம் நான்கு மாணவர்கள் சாப்பிட்ட உணவில் யாரோ பன்றிப் புழு முட்டைகளைக் கலந்துவிட, நான்கு பேரும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்; ஈசினோபில் உச்சியில் நின்றது; பிழைத்துக்கொண்டார்கள். அந்த விவரம் 1972-ல் மருத்துவ இதழில் வந்தது. 1990-களில் ஜப்பானின் கியூஷூ பகுதியில் பன்றி எரு போட்ட மண்ணில் விளைந்த காய்கறி வழியாகப் பலருக்கு ஈரல், நுரையீரல் தொந்தரவு வந்து, பன்றிப் புழுதான் காரணம் என்று கண்டார்கள். டென்மார்க்கில் மனிதர்களிடமிருந்து எடுத்த புழுக்களின் மரபணுவைப் பார்த்தால் பன்றிப் புழுவோடு பொருந்தியது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 2010-லிருந்து 2013 வரை பன்றியோடு புழங்கிய 14 பேரிடம் இதே கதை. இதில் டென்மார்க்கும் மெய்னும் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் குறைவில்லாத இடங்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கேயே இப்படி.

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் ஆகமாட்டேன். 1990-களில் குவாத்தமாலாவில், பன்றியும் மனிதனும் ஒரே முற்றத்தில் வாழும் கிராமங்களில் பார்த்தபோது, மனிதப் புழு மனிதனிடமும் பன்றிப் புழு பன்றியிடமும் தனித்தனியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. புழு மலிந்த ஊர்களில் மனிதனுக்கு வருவதில் பெரும்பகுதி மனிதன் போட்டதுதான் என்பதே ஆராய்ச்சிக்காரர்களின் பொதுவான கருத்து. அப்புறம் 2020-ல் கென்யக் கிராமம் ஒன்றில் மனிதர்களிடமிருந்து எடுத்த புழுக்களின் முழு மரபணுவையும் படித்தபோது இரண்டு வகையும் கலந்து கிடந்தது, அதாவது இரண்டும் எங்கேயோ எப்போதோ கூடிக் குட்டி போட்டிருக்கின்றன. ஆக, பன்றிதான் முழுக் காரணம் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான், பன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவனும் பொய் சொல்கிறான். நம் கடலோரத்தில் எவ்வளவு பங்கு என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதை எண்ணச் சொல்லித்தான் இந்த மடலே.

இன்னொரு சந்தேகமும் ஊருக்குள் இருக்கிறது, 'பன்றிக்கறி தின்கிறவனுக்குத்தானே பூச்சி வரும், எங்களுக்கென்ன' என்று. நன்றாக வெந்த கறியால் இந்தப் புழு வராது. வருவது மண், கை, நகம், கழுவாத கீரை, தண்ணீர் வழியாக. அதனால் பன்றியைக் கண்ணெடுத்துப் பார்க்காத கீழக்கரை வீட்டுப் பிள்ளைக்கும், ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி ஆக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து ஒன்றுதான். அரைவேக்காட்டுப் பன்றிக்கறியால் வருவது நாடாப்புழு, அதன் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வரும் குஞ்சு மூளைக்குப் போனால் வலிப்பு வரும், அது வேறு சங்கதி, அதையும் கவனிக்க வேண்டும்தான், ஆனால் இங்கே இரண்டையும் குழப்ப வேண்டாம். வெல்லம் தின்றால் பூச்சி, மிட்டாய் தின்றால் பூச்சி என்று பிள்ளைகளை அதட்டுவதையும் இதோடு விட்டுவிடலாம்.

இப்போது நம் கடலோரத்துக்கு வருகிறேன். தேவிபட்டினம், தொண்டி பக்கமானாலும் சரி, பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கமானாலும் சரி, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் வெயிலும் மணலும்தான். சித்திரை வெயிலில் வெட்டவெளி மணலில் கிடக்கும் முட்டை பிழைப்பது கஷ்டம், உண்மைதான். ஆனால் பன்றி வெட்டவெளியில் படுக்கிறதா? சீமைக் கருவேல மரத்தடியில் படுக்கிறது. தெருக்குழாய் ஒழுகித் தேங்கிய சேற்றில் படுக்கிறது. சாக்கடை போய் முடியும் பள்ளத்தில், மீன் இறங்கும் இடத்துக்குப் பின்னால் கழிவு கொட்டும் மேட்டில், ஊருணிக்கரை நிழலில் படுக்கிறது. ஈரமும் நிழலும் எங்கே சேர்கிறதோ அங்கேதான் பன்றி, அங்கேதான் முட்டைக்கும் ஆயுசு. வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களும், இருந்தும் தண்ணீர் இல்லாததால் அதில் வலையையும் சுள்ளியையும் போட்டு வைத்திருப்பவர்களும் ஒதுங்குவது அதே கருவக்காட்டுக்குள்தான். மனிதனும் பன்றியும் பிள்ளைகள் பந்து தேடிப்போகும் வழியும் ஒரே நிழலில் வந்து சேர்கின்றன. மனித மலத்தைத் தின்ற பன்றியின் குடல் வழியாக மனிதப் புழுவின் முட்டை சாகாமல் வெளியே வந்து, கால் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வாசலில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் பன்றி தன் புழுவோடு நம் புழுவையும் ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

2019 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்கக் கிராமங்களில் திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்தது என்று அறிவித்தாகிவிட்டது. கருவக்காட்டுக்கு அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. ஜனங்களைக் குறை சொல்லி என்ன செய்ய? குடம் பத்து ரூபாய்க்கும் அதற்கு மேலும் விற்கும் காலத்தில், தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு ஊத்துக்கும் குழாய்க்கும் அலைகிற பெண்ணிடம் போய் கழிப்பறையில் இரண்டு வாளி ஊற்று, இருபது நொடி கை கழுவு என்று சொன்னால் அவர் நம்மைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். கழிவுநீர்த் தொட்டி இறைக்கும் லாரிகள் ராத்திரியில் எங்கே கொட்டுகின்றன என்பதும் எல்லாருக்கும் தெரியும். 2014-லேயே கழிவு மேலாண்மைக்கு மாநில அரசு வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது. தொட்டிக் கசடு முழுக்க முட்டை. அது கொட்டப்படும் இடத்தில் அடுத்த நாள் காலையில் மூக்கால் கிளறிக்கொண்டு நிற்பது பன்றி.

இதைப் படித்ததும் பன்றி பிடிக்கும் வண்டியை அனுப்பிவிடாதீர்கள். இந்த மடலில் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். நான் பார்த்த ஓர் ஊரில் நடந்தது இது: புகார் போனது, வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து சுருக்குப் போட்டுப் பிடித்தார்கள், பன்றி வளர்க்கும் குடும்பங்களோடு சண்டை, போலீஸ், ஒரு மாதம் தெரு காலியாக இருந்தது, பிறகு மறுபடி குட்டிகள். மண்ணில் கிடந்த முட்டையை யாரும் சுருக்குப் போட்டுப் பிடிக்கவில்லை, அது அங்கேயே கிடந்தது. அந்தக் குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு தொழில் கிடையாது; ஏற்கெனவே ஊர் அவர்களைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது; இப்போது 'உங்கள் பன்றியால்தான் பிள்ளைக்குப் பூச்சி' என்று ஒரு புதுக் காரணத்தை நான் எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடக்கூடாது. பன்றி மலம் தின்பது மனிதன் அங்கே போய் வைப்பதால்தானே.

அவர்களிடம் பேசிப் பாருங்கள், பேசவே மாட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. ஞாயிற்றுக்கிழமை அறுக்கும் ஒருவரிடம் ஈரலைக் காட்டச் சொன்னேன். கருஞ்சிவப்பு ஈரல் மேல் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். புழுக்குஞ்சு ஈரலைத் துளைத்துக்கொண்டு போன தழும்பு அது. அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் எந்தப் பக்கத்துப் பன்றிக்குப் புள்ளி அதிகம், எந்த மாதத்தில் அதிகம் என்று மடமடவென்று சொன்னார். மறுபடி தொற்றாமல் இருந்தால் ஒரு மாதம் சொச்சத்தில் அந்தப் புள்ளி ஆறிவிடும், அதனால் புள்ளி இருக்கிறது என்றால் சமீபத்தில் அந்தப் பன்றி மேய்ந்த இடத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத கணக்கெடுப்பு இது. ஒரு கால்நடை ஆய்வாளர் ஞாயிறு காலையில் ஒரு நோட்டோடு அங்கே போய் நின்றால் போதும், எந்த ஊர் மண்ணில் புழு மலிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புழு இருந்தால் தின்கிற தீனி உடம்பில் ஒட்டாது, எடை ஏறாது என்று சொன்னதும், மருந்து எங்கே கிடைக்கும், ஒரு குட்டிக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் அவர் முதலில் கேட்டார். இதைவிடச் சுலபமான பயனாளி உங்கள் எந்தத் திட்டத்துக்குக் கிடைப்பார்?

கால்நடை மருத்துவர்களே, பன்றிக்கு ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைத் தீனியில் கலந்தே கொடுக்கலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதை மட்டும் வளர்ப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். திரிகிற பன்றிக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். சாயங்காலம் தீனிக்குக் கூப்பிட்டால் எல்லாம் வந்துவிடுகின்றன, வளர்ப்பவர் குரல் அதற்குத் தெரியும். அவர்களைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் முடியும், அவர்களை விரோதித்துக்கொண்டு செய்தால் முடியாது. நிரந்தர வழி கொட்டில்தான், சிமெண்ட் தரை போட்டு, எருவைக் குவித்து உள்ளே நன்றாகச் சூடேறும்படி மக்கவைத்து. வெண்பன்றி வளர்ப்புக்குக் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் வழி காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பயிற்சியும் கடனும் இந்தக் கடலோரக் குடும்பங்களுக்கும் வரட்டும், கொட்டிலுக்குத் தண்ணீரும் வரட்டும். தண்ணீர் இல்லாமல் கொட்டில் கட்டச் சொன்னால் அது இன்னொரு வலை போட்டு வைக்கும் கழிப்பறைதான்.

எப்போது கொடுப்பது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. நமக்கு மழை ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரை. முட்டைக்குத் தேவையான ஈரம் அப்போதுதான். அந்த மழையில் தொற்றிய பிள்ளையின் வயிற்றில் புழு வளர்ந்து முட்டை போடும் நேரத்துக்குச் சரியாகப் பிப்ரவரி மாத்திரை வந்துவிடுகிறது. யார் யோசித்து வைத்தார்களோ, நம் கரைக்குப் பொருத்தமான தேதி. பன்றிக்கு முதல் சுற்று செப்டம்பரிலேயே, மழைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும், அப்போதுதான் ஈரம் வரும் நேரத்தில் மண்ணில் விழும் முட்டை குறையும். பன்றி வயிற்றில் புழு முட்டை போடும் பருவத்துக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதனால் ஒரு தடவையோடு விட்டுவிட்டால் கார்த்திகைக்குள் மறுபடி ஆரம்பம். இரண்டாவது சுற்று மழைக்கு நடுவில், மூன்றாவது பிப்ரவரியில் பிள்ளைகளோடு சேர்த்து.

அப்புறம், எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை பிள்ளைக்கு எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று செய்தி வருகிறது. எத்தனை பிள்ளையின் வயிற்றில் முட்டை குறைந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். தென்கொரியாவில் 1963-ல் ஒன்பது வயதுச் சிறுமியின் குடலிலிருந்து அறுவை செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புழுக்களை எடுத்தார்கள், பிள்ளை பிழைக்கவில்லை. நாடே அதிர்ந்தது. 1969-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு தடவை தங்கள் மலத்தைச் சின்னப் பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், முட்டை இருந்தால் மருந்து, அடுத்த தடவை மறுபடி சோதனை. 1971-ல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் 54.9 சதவீதம் பேரிடம் உருண்டைப் புழு. 1997-ல் 0.1 சதவீதத்துக்கும் கீழே. இடையில் கழிப்பறை வந்தது, வயலுக்கு மனித எரு போடுவது நின்றது, வருமானம் உயர்ந்தது, எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் எண்ணினார்கள். காட்டோ-காட்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, அளவான மலத்தைச் சல்லடைத் துணியில் தேய்த்து ஸ்லைடில் பரப்பி முட்டையை எண்ணுவது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும்.

ஆகவே பெரிய திட்டமாக ஆரம்பிக்க வேண்டாம். கடலோரத்தில் நான்கு ஊரை எடுங்கள், பன்றி அதிகமாகத் திரியும் இரண்டு, பன்றியே இல்லாத இரண்டு. செப்டம்பரில் பிள்ளைகளின் மலத்தையும் பன்றி விட்டையையும் அங்கன்வாடியைச் சுற்றியுள்ள நிழல் மண்ணையும் பாருங்கள். இரண்டு பன்றி ஊரில் ஒன்றில் மட்டும் பன்றிக்கும் மருந்து கொடுங்கள், பிள்ளைகளுக்கு எல்லா ஊரிலும் வழக்கம்போல. அடுத்த செப்டம்பரில் மறுபடி எண்ணுங்கள். பிள்ளைகளிடமிருந்து வெளியேறும் புழுக்களில் சிலவற்றை ஆல்கஹாலில் போட்டு ஏதாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு பன்றியுடையது என்று மரபணு பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பன்றிக்குப் பெரிய பங்கில்லை என்று வந்தாலும் நல்லதுதான், கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிவிடலாம், பன்றிக்காரர்களை ஊர் திட்டுவதும் கொஞ்சம் குறையும்.

ஸ்லைடு பார்க்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சாம்பிளை அனுப்பினால் நான் பார்த்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம். இந்தக் கரையில் லேப் வைத்திருக்கும் இன்னும் சிலரையும் கேட்டு வைத்திருக்கிறேன், வருகிறோம் என்கிறார்கள். மூடி போட்ட டப்பா, ஊர்ப் பெயர், வயது எழுதிய சீட்டு, அன்றைக்கே கொண்டுவந்து சேர்க்க ஒரு வண்டி, இவ்வளவுதான் உங்கள் பக்கம். பிள்ளையின் டப்பாவையும் பன்றியின் டப்பாவையும் ஒரே வண்டியில் அனுப்ப எந்தத் துறை கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் ஆட்சியர் அவர்கள் தீர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோரத்தில் லேப் நடத்தும் ஒருவன்